9 ஆட்டங்களில் 29 ரன், ஏலத்தில் ரூ.1.90 கோடி: இளம் பேட்டரின் திறன் எப்படி மதிப்பிடப்படுகிறது?

மும்பை: தாராவியைச் சேர்ந்த பேட்டர் சிம்ரன் ஷேக், 2024 டிசம்பர் 15 அன்று பெங்களூருவில் நடைபெற்ற மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் ரூ.1.90 கோடிக்கு குஜராத் ஜெயன்ட்ஸ் அணியால் வாங்கப்பட்டார். அவருக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த அடிப்படை விலை ரூ.10 லட்சம் மட்டுமே. அன்றைய ஏலத்தில் மிக அதிக விலை பெற்றவரும் அவரே.

அதற்கு முன்பு, இத்தொடரின் முதல் பருவமான 2023-ல் உ.பி. வாரியர்ஸ் அணிக்காக 9 ஆட்டங்களில் இடம்பெற்ற அவர், மொத்தம் எடுத்தது 29 ரன். அந்தப் பருவத்துக்குப் பின் அணி அவரை விடுவித்தது. பின்னர் 2025 நவம்பர் 27 அன்று புது டெல்லியில் நடைபெற்ற ஏலத்தில், அதே உ.பி. வாரியர்ஸ் அணி அவரை ரூ.10 லட்சத்துக்குத் திரும்பப் பெற்றது.

ஓராண்டுக்கும் குறைவான இடைவெளியில் ஒரே ஆட்டக்காரரின் விலை 19 மடங்கு வேறுபட்டது. 29 ரன் எடுத்தவரிடம் ஓர் அணி கோடிக்கணக்கில் எதைக் கண்டது? அடுத்த ஆண்டு அந்த மதிப்பு ஏன் இறங்கியது? இளம் பேட்டர் ஒருவரின் வளர்ச்சியையும் எதிர்காலத் திறனையும் தேர்வாளர்கள் எவ்வாறு அளக்கிறார்கள் என்பதே இக்கேள்விகளின் அடிப்படை.

தாராவியிலும், அதை ஒட்டிய மாட்டுங்காவிலும், சற்றுக் கிழக்கே உள்ள செம்பூரிலும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மைதானத்துக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இக்கேள்வி அன்றாடக் கேள்வியே. படிப்பையும் பணத்தையும் ஆண்டுகளையும் பணயம் வைப்பதற்கு முன், பிள்ளையின் ஆட்டம் உண்மையில் எந்த நிலையில் உள்ளது என்று அறிய வேண்டியுள்ளது.

*பேஸ்பால் கற்றுத் தரும் பாடம்*

இளம் பேட்டர்களை மதிப்பிடுவதை ஒரு முறையான துறையாகவே வளர்த்தெடுத்த விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்பால். அங்கு முதன்மைத் தொடரில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் கீழே 'மைனர் லீக்' எனப்படும் பயிற்சித் தொடர்களில் நான்கு நிலைகளில் நான்கு துணை அணிகள் இயங்குகின்றன. 2021 முதல் நடைமுறையில் உள்ள இந்த அமைப்பில் மொத்தம் 120 துணை அணிகள் உள்ளன.

சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற இந்த நான்கு படிகளிலும் ஏறியே ஓர் இளைஞர் முதன்மை அணிக்குச் செல்ல வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. ஏறத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் உச்சிப் படியை எட்டுவதே இல்லை. ஆகவே யாரை மேலே அனுப்புவது, யாரை விடுவிப்பது என்ற முடிவை அணிகள் ஆண்டுதோறும் எடுத்தாக வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்தப் படிக்கட்டு முற்றிலும் அந்நியமானதல்ல. 2008-ல் இங்கு நடத்தப்பட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்தெறியும் போட்டியில் தேர்வான உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியால் ஒப்பந்தம் செய்யப்பட்டு மைனர் லீக்கில் ஆடினர்.

மும்பை கிரிக்கெட்டிலும் இத்தகைய படிக்கட்டு உண்டு. பள்ளிகளுக்கான கைல்ஸ் ஷீல்டு, ஹாரிஸ் ஷீல்டு, மழைக்காலத்தில் நடைபெறும் கங்கா லீக், வயது வரம்புடன் கூடிய மாநிலங்களுக்கு இடையிலான தொடர்கள், அதன் பிறகு ரஞ்சி கோப்பை என அது நீள்கிறது. எனினும் ஐ.பி.எல்., மகளிர் பிரீமியர் லீக் ஆகியவற்றின் வருகைக்குப் பின், நடுப்படிகளில் இருக்கும்போதே ஒருவருக்கு ஏலத்தில் விலை வைக்கப்படுகிறது. அதனால் மதிப்பீட்டில் ஏற்படும் பிழையின் விலையும் உயர்ந்துவிட்டது.

*ஒருவருக்கு இரண்டு மதிப்பெண்கள்*

பேஸ்பால் தேர்வாளர்கள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். இதில் 50 என்பது முதன்மைத் தொடரில் ஆடும் சராசரி ஆட்டக்காரரின் நிலை. பந்தைத் தவறாமல் அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், களத்தடுப்பு, எறிதிறன் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கப்படுகிறது.

இம்முறையின் சிறப்பு, ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் எழுதப்படுவதுதான். முதல் எண் இன்றைய நிலையைக் குறிக்கும். இரண்டாவது எண், முழு வளர்ச்சி பெறும்போது அவர் எட்டக்கூடிய நிலையைக் குறிக்கும். 18 வயது இளைஞரின் அடிவலிமைக்கு இன்று 30 மதிப்பெண்ணும் எதிர்காலத்துக்கு 55 மதிப்பெண்ணும் தரப்படலாம். இன்றைய 30 அவரது குறையாகக் கருதப்படுவதில்லை. அந்த இடைவெளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே அவரது வளர்ச்சி.

வளர்ச்சி என்பதும் திறன் என்பதும் வேறு வேறு. இன்று ரன் குவிக்கும் ஒருவர் தமது உச்சத்தை ஏற்கெனவே எட்டியிருக்கலாம். இன்று தடுமாறும் மற்றொருவருக்கு ஏற வேண்டிய படிகள் பல மீதமிருக்கலாம். ரன் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைக் காண்பதற்குச் சில கேள்விகள் தேவை.

*யாருக்கு எதிராக எடுத்த ரன்?*

முதல் கேள்வி எதிரணியைப் பற்றியது. 2016 ஜனவரியில் மும்பை அருகே கல்யாணில் நடைபெற்ற பள்ளிகளுக்கு இடையிலான பண்டாரி கோப்பை ஆட்டத்தில் பிரணவ் தனவாடே 327 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 1,009 ரன் எடுத்தார். 1899 முதல் நிலைத்திருந்த 628 ரன் என்ற உலக சாதனை அதன் மூலம் முறியடிக்கப்பட்டது.

அந்த ஆட்டத்தின் முழு ஸ்கோரையும் பார்த்தால் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. அவரது பள்ளி அணி 3 விக்கெட் இழப்புக்கு 1,465 ரன் குவித்தது. எதிரணி இரு இன்னிங்ஸ்களிலும் முறையே 31, 52 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. இரு அணிகளுக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, ஒரு பேட்டரின் பொறுமையையும் உடல் உறுதியையும் அந்த எண் காட்டும். அடுத்த படியில் அவர் சந்திக்கப்போகும் பந்துவீச்சுக்கு எதிரான திறனை அது காட்டாது. அந்த எண் அவரை ரஞ்சி அணிக்குள் கொண்டுசேர்க்கவும் இல்லை.

பேஸ்பாலிலும் இதே எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கடல் மட்டத்துக்கு மிக உயரத்தில் அமைந்த சில மைனர் லீக் மைதானங்களில், காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து அதிக தொலைவு பறக்கும். அங்கு எடுக்கப்படும் எண்களை அப்படியே ஏற்காமல், மைதானத்துக்கும் தொடருக்கும் ஏற்பத் திருத்தியே ஒப்பிடுகின்றனர்.

மும்பையில் இதற்கு நேர்மாறான சோதனைக்களமாக விளங்குவது 1948-ல் தொடங்கப்பட்ட கங்கா லீக். மழைக்காலத்தில் ஈரமான ஆடுகளங்களில் நடைபெறும் அத்தொடரில் பந்து எதிர்பாராமல் எழும்பும், திரும்பும். அங்கு எடுக்கப்படும் 40 ரன், உலர்ந்த களத்தில் எடுக்கப்படும் சதத்தைவிட அதிகம் சொல்லக்கூடும்.

சச்சின் டெண்டுல்கர் தேர்வான விதமும் இதை உணர்த்துகிறது. 1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதியில் அவரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தது நாடறிந்த செய்தி. எனினும் அப்போதைய இந்திய கேப்டன் திலீப் வெங்சர்க்கரை ஈர்த்தது, வலைப்பயிற்சியில் கபில் தேவின் பந்துவீச்சை அந்தச் சிறுவன் எதிர்கொண்ட விதம். உலகத் தரமான பந்துவீச்சுக்கு எதிராகச் சில ஓவர்கள், பள்ளி அளவிலான முச்சதத்தைவிட வலுவான சான்றாக அமைந்தன. அதே ஆண்டு டிசம்பரில் குஜராத்துக்கு எதிரான தமது முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே, 15 வயதில், சச்சின் சதம் அடித்தார்.

*எந்த வயதில் எடுத்த ரன்?*

இரண்டாவது கேள்வி வயது. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் 1994-ல் பேஸ்பாலுக்கு மாறி, டபுள்-ஏ நிலையில் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக 127 ஆட்டங்களில் ஆடினார். அவரது பேட்டிங் சராசரி .202. அதாவது 100 வாய்ப்புகளில் ஏறத்தாழ 20 முறை மட்டுமே வெற்றிகரமாக அடித்தார். பேஸ்பாலில் 100-க்கு 30 என்பதே மிகச் சிறந்த நிலை என்பதால் அது தாழ்ந்த எண்தான். பள்ளிக் காலத்துக்குப் பின் அந்த ஆட்டத்தை விட்டிருந்த ஒருவர் நேரடியாக டபுள்-ஏவில் அவ்வளவு எட்டியதே வியப்பு என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் அவருக்கு அப்போது 31 வயது. இருபதுகளின் தொடக்கத்தில் உள்ளவர்கள் நிறைந்த அந்தப் படியில், வளர்வதற்கான காலம் அவரிடம் இல்லை.

இதன் மறுபக்கத்தை சென்னை ரசிகர்கள் நன்கு அறிந்த ஆயுஷ் மாத்ரேயின் கதையில் காணலாம். மும்பைக்கு வடக்கே விராரில் வசித்த அவர், சிறுவயதில் மாட்டுங்காவின் டான் பாஸ்கோ பள்ளியில் சேர்ந்து, அன்றாடம் நெடுந்தொலைவு புறநகர் ரயிலில் பயணித்துப் பயிற்சி பெற்றார். ரவி சாஸ்திரியும் ஸ்ரேயாஸ் ஐயரும் பயின்ற பள்ளி அது.

2025 ஏப்ரலில் காயமடைந்த ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு மாற்றாக சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரூ.30 லட்சத்துக்கு மாத்ரேயைச் சேர்த்தபோது, 9 முதல் தர ஆட்டங்களில் அவர் எடுத்திருந்தது 504 ரன். சராசரி 31.50. 27 வயதுக்காரர் ஒருவரின் பெயருக்கு எதிரே இந்த எண் இருந்தால் தேர்வாளர்கள் அடுத்த பெயருக்குச் சென்றிருப்பார்கள். ஆனால் மாத்ரேவுக்கு அப்போது வயது 17. தம்மைவிட ஐந்து, பத்து ஆண்டுகள் மூத்த பந்துவீச்சாளர்களுக்கு எதிராக இரு சதங்களுடன் எட்டிய சராசரி அது.

வான்கடேயில் மும்பை இந்தியன்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் 15 பந்துகளில் 32 ரன் எடுத்தார். மே 3 அன்று பெங்களூருவில் 48 பந்துகளில் 94 ரன் விளாசினார். அந்தப் பருவத்தில் 7 ஆட்டங்களில் 240 ரன், ஸ்ட்ரைக் ரேட் 188.97. வயதையும் படியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 31.50 என்ற சராசரிக்குள் மறைந்திருந்த திறனை முன்பே ஊகிக்க முடிந்திருக்கும்.

வயதுக் கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. வயது வரம்புத் தொடர்களில், வரம்புத் தேதியை ஒட்டிப் பிறந்து ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர்களாக உள்ள பிள்ளைகள் உயரத்திலும் வலிமையிலும் முந்தியிருப்பார்கள். 13 வயதில் ஓராண்டு என்பது பெரிய வேறுபாடு. அந்த வலிமையைத் திறன் என்று தவறாகக் கொண்டால், சிறிய உடலமைப்புடன் நல்ல நுட்பம் கொண்ட பிள்ளை விடுபட்டுப் போகும்.

*எப்படி எடுத்த ரன்?*

மூன்றாவது கேள்வி ரன் வந்த வழியைப் பற்றியது. மைனர் லீக் பேட்டரை மதிப்பிடுவோர், சராசரிக்கு முன்பாகவே இரண்டு எண்களைப் பார்க்கின்றனர். எத்தனை முறை பந்தைத் தொடாமலேயே ஆட்டமிழந்தார் என்பது ஒன்று. தவறான பந்துகளை விட்டுவிட்டு எத்தனை முறை இலவசமாக முதல் தளத்தை அடைந்தார் என்பது மற்றொன்று. பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், அதைத் தொடும் கையும் இந்த இரண்டில் வெளிப்படுகின்றன. அடித்த பந்து களத்தடுப்பாளரிடம் செல்வதும் இடைவெளியில் செல்வதும் பெருமளவு அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவை.

கிரிக்கெட்டில் இதற்கு இணையாக, நூறு பந்துகளில் எத்தனை முறை பந்து விளிம்பில் பட்டது அல்லது மட்டையைத் தவறவிட்டது என்ற கணக்கை ஆய்வாளர்கள் எடுக்கின்றனர். வேகப்பந்து, சுழற்பந்து என்று பிரித்தும், பந்து விழும் நீளத்தைப் பிரித்தும் பார்க்கின்றனர். பலவீனம் ஒன்று இருந்தால் கீழ்ப்படிகளில் அது மறைந்தே இருக்கும். அதைத் தொடர்ந்து சோதிக்கும் அளவுக்குத் துல்லியமான பந்துவீச்சாளர்கள் மேல்படியில்தான் இருப்பார்கள்.

பிரித்வி ஷாவின் பயணம் இதற்குச் சான்று. 2013 நவம்பரில் ஹாரிஸ் ஷீல்டில் 330 பந்துகளில் 546 ரன் எடுத்தபோது அவருக்கு 14 வயது. 2018-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன். அதே ஆண்டு அக்டோபரில் ராஜ்கோட்டில் தமது முதல் டெஸ்டிலேயே 134 ரன். ஆனால் 2020 டிசம்பரில் அடிலெய்டு டெஸ்டில், மட்டைக்கும் காலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் பந்து நுழைந்து இரு இன்னிங்ஸ்களிலும் போல்டானார். அந்த ஆட்டத்துக்குப் பின் டெஸ்ட் அணியில் இடம் இழந்தார்.

546 ரன்னில் அந்த இடைவெளி தெரியவில்லை. மிட்செல் ஸ்டார்க், பேட் கம்மின்ஸ் போன்றோரின் வேகமும் உள்நோக்கிய திருப்பமும் வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு பேட்டரின் உச்சபட்ச ஸ்கோரைவிட, அவர் ஆட்டமிழந்த விதங்களின் பட்டியல் அதிகம் சொல்லும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

*சில ஆட்டங்கள் போதுமா?*

நான்காவது கேள்வி, முடிவெடுக்கப் போதுமான சான்று உள்ளதா என்பது. சுனில் கவாஸ்கர் 1968-69 பருவத்தில் தமது முதல் ரஞ்சி ஆட்டத்தில் ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். உறவினர் தேர்வுக் குழுவில் இருந்ததால்தான் இடம் கிடைத்தது என்ற ஏளனமும் எழுந்தது. அடுத்த ஆட்டத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக அவர் 114 ரன் எடுத்தார். 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளில் தமது முதல் டெஸ்ட் தொடரிலேயே 774 ரன் குவித்தார்.

பேஸ்பாலில் மைக் டிரௌட் 2011-ல் 19 வயதில் முதன்மைத் தொடருக்கு வந்தபோது 40 ஆட்டங்களில் அவரது சராசரி .220 மட்டுமே. அடுத்த ஆண்டு .326 சராசரியுடன், வாக்களித்த அனைவராலும் சிறந்த புதுமுக வீரராகத் தேர்வு செய்யப்பட்டார். 40 ஆட்டங்களே ஏமாற்றும் என்றால், கீழ்வரிசையில் சில பந்துகளே சந்திக்கக் கிடைத்த 9 ஆட்டங்களைக் கொண்டு முடிவெடுப்பது எவ்வளவு சரியாக இருக்கும்?

சிம்ரன் ஷேக்கின் 29 ரன்னை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2024 ஏலத்துக்கு முன் நடைபெற்ற மகளிர் சீனியர் டி20 கோப்பையில் மும்பைக்காக 11 ஆட்டங்களில் 176 ரன் எடுத்தார், ஸ்ட்ரைக் ரேட் 100.57. அதுவும் வியக்க வைக்கும் எண் அல்ல. ஆயினும் நடுவரிசையில் இறங்கிப் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் வலிமை கொண்ட இந்திய பேட்டர்கள் ஏலத்தில் குறைவு. பல அணிகளுக்கும் ஒரே தேவை இருக்கும்போது விலை ஏறும்.

ஆகவே ரூ.1.90 கோடி என்பது முழுக்க முழுக்க அவரது திறனின் அளவு அல்ல. அன்றைய தேவை, கையிருப்புப் பணம், மாற்று ஆட்டக்காரர்களின் பற்றாக்குறை ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 2025 ஏலத்தில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் பட்டியலுக்கு வந்ததால் அந்தப் பற்றாக்குறை தளர்ந்தது. ரூ.10 லட்சம் என்பதும் அவ்வாறே அன்றைய சந்தையின் விலை. இரண்டையும் அவரது ஆட்டத்தின் மீதான தீர்ப்பாகக் கொள்வது பொருந்தாது.

அதே 2024 ஏலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜி.கமலினியை மும்பை இந்தியன்ஸ் ரூ.1.60 கோடிக்கு வாங்கியது. அப்போது அவருக்கு 16 வயது. 19 வயதுக்குட்பட்டோர் டி20 கோப்பையை தமிழ்நாடு வென்ற தொடரில் 8 ஆட்டங்களில் 311 ரன் எடுத்திருந்தார். 2026 பருவத்துக்கும் அவரை மும்பை அணி தக்கவைத்தது. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு விலை கிடைத்தாலும், 16 வயதுக்காரரிடம் அணி வாங்கியது வருங்காலத்தை. 22 வயதுக்காரரிடம் எதிர்பார்த்தது உடனடிப் பயனை. காத்திருக்கும் பொறுமையும் அதற்கேற்ப வேறுபட்டது.

*தாமதமாக மலர்பவர்கள்*

வயதுக் கணக்கு முக்கியம் என்றாலும், அதை இறுதித் தீர்ப்பாக்குவதும் பிழை என்பதற்கு செம்பூர் பகுதியிலேயே சான்று உள்ளது. செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் வளர்ந்தவர் சூர்யகுமார் யாதவ். அவரது தந்தை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பொறியாளராகப் பணியாற்றினார்.

2010 டிசம்பரில் டெல்லிக்கு எதிரான முதல் ரஞ்சி ஆட்டத்தில் சூர்யகுமார் 73 ரன் எடுத்தார். 2014 முதல் 2017 வரை கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியில் பெரும்பாலும் இறுதி ஓவர்களில் இறங்கும் பணியே அவருக்குக் கிடைத்தது. 2018-ல் மும்பை இந்தியன்ஸ் அவரை மேல்வரிசைக்கு மாற்றியது. அந்தப் பருவத்தில் 512 ரன், அடுத்த ஆண்டு 424, அதற்கடுத்த ஆண்டு 480 என ரன் குவிந்தது.

இந்திய அணிக்காக அவர் முதன்முதலில் ஆடியது 2021 மார்ச்சில், 30 வயதில். சர்வதேச அரங்கில் தாம் சந்தித்த முதல் பந்தையே, ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசியதை, சிக்சருக்கு அனுப்பினார். 2024-ல் இந்திய டி20 அணியின் கேப்டனானார். மேல்வரிசைக்கு மாற்றப்பட்டதால் சந்திக்கக் கிடைத்த பந்துகள் கூடின. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதைக் கவனிக்காமல் எண்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால், கொல்கத்தா ஆண்டுகளோடு அவரது கணக்கு முடிந்திருக்கும்.

*திறன் இருந்தும் திறக்காத கதவு*

திறனைச் சரியாக மதிப்பிட்டாலும் வாய்ப்பு உறுதியல்ல. 1988-ல் 664 ரன் கூட்டணி ஆடிக்கொண்டிருந்தபோது, அடுத்து இறங்குவதற்காகக் காலுறை கட்டிக் காத்திருந்தவர் அமோல் மஜூம்தார். 1993-94 பருவத்தில் ஹரியாணாவுக்கு எதிரான தமது முதல் ரஞ்சி ஆட்டத்தில் அவர் 260 ரன் எடுத்தார். அறிமுக ஆட்டத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச ரன் என்ற உலக சாதனையாக அது 2018 வரை நிலைத்தது.

முதல் தர கிரிக்கெட்டில் 30 சதங்களுடன் 11,167 ரன் எடுத்தும் இந்திய அணிக்காக ஓர் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சச்சின், திராவிட், கங்குலி, லக்ஷ்மண் ஆகியோர் நடுவரிசையை நிரப்பியிருந்த காலம் அது. மதிப்பீடு தவறவில்லை, இடம்தான் இல்லை. பின்னர் பயிற்சியாளரான அவரது வழிகாட்டலில், 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது.

*பெற்றோரும் பயிற்சியாளர்களும் கவனிக்க வேண்டியவை*

நல்ல மதிப்பீட்டுக்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமல்ல. மாட்டுங்காவின் தாதர் யூனியன் அணியை வழிநடத்திய வாசு பராஞ்ச்பே, 29 முதல் தர ஆட்டங்களே ஆடியவர். ஆயினும் கவாஸ்கர் முதல் ரோகித் சர்மா வரை பல தலைமுறை ஆட்டக்காரர்களின் திறனை இனங்கண்டவராக, 2021-ல் காலமாகும் வரை மும்பை கிரிக்கெட் அவரை மதித்தது. தொடர்ந்து மைதானத்துக்குச் சென்று பார்த்ததே அவரது கருவி.

பிள்ளையின் ஆட்டத்தைப் பின்தொடரும் பெற்றோர், ரன்னுடன் வேறு சில விவரங்களையும் ஒரு நோட்டில் குறித்து வரலாம். எதிரணியின் தரம், ஆடுகளத்தின் தன்மை, இறங்கிய இடம், சந்தித்த பந்துகள், ஆட்டமிழந்த விதம் ஆகியவை போதும். ஒரே முறையில் ஐந்து முறை ஆட்டமிழந்த பிள்ளை, அடுத்த பருவத்தில் அதைத் திருத்திக்கொண்டதா என்பதை அந்த நோட்டு காட்டும். சதங்களின் எண்ணிக்கையைவிட நம்பகமான வளர்ச்சி அறிகுறி அதுவே.

படி மாறும்போது எண்கள் இறங்குவது இயல்பு என்பதையும் ஏற்க வேண்டும். பள்ளி அளவில் 80 சராசரி வைத்திருந்த பிள்ளை அடுத்த நிலையில் 25-க்கு இறங்கினால், அது வீழ்ச்சியா அல்லது கடினமான பந்துவீச்சைக் கற்கும் காலமா என்று அறிய குறைந்தது ஒரு முழுப் பருவம் தேவை. அந்தப் பருவம் முடிவதற்குள் பயிற்சியாளரை மாற்றுவதும், படிப்பை நிறுத்துவதும், ஆட்டத்தையே கைவிடுவதும் போதிய சான்று இல்லாத முடிவுகளே.

அதேபோல், பெரும்பாலோர் உச்சிப் படியை எட்டுவதில்லை என்ற உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. பேஸ்பால் தேர்வாளர்கள் ஒருவருக்கு எழுதும் இரண்டாவது எண்ணைப் பருவந்தோறும் திருத்தி எழுதுகின்றனர். 14 வயதில் எழுதியதை 18-ல் மாற்றுவதற்கு அவர்கள் தயங்குவதில்லை. ஒரு பெரிய ஸ்கோரைக் கண்டு உயர்த்திய எதிர்பார்ப்பையும், ஓர் ஏலத்தைக் கண்டு இழந்த நம்பிக்கையையும் அடுத்த பருவத்தின் சான்றைக் கொண்டு திருத்திக்கொள்ளும் குடும்பமே, பிள்ளையின் ஆட்டத்தைச் சரியாக மதிப்பிடுகிறது.